எங்கள் மேல் விழுந்த முதல் புகார்

நடந்தவை, வரிசையாக:

1. கள்ளக்குறிச்சியில், சேலம் சாலையில் ஒரு டயர் கடையின் மாடியில், பழைய பொருட்களை விற்கவும் வாங்கவும் ஒரு இணையதளம் தொடங்கப்பட்டது. முதல் விளம்பரம் ஒரு தையல் மெஷின். கேள்விகள் குவிந்தன. ஒருவர்கூட விலை கேட்கவில்லை. எல்லோரும் கேட்டது, "இது யாரு வூட்டு மெஷினு?"

2. ஆகவே விற்பவரின் பெயருக்குக் கீழே ஊரையும் தெருவையும் போட்டோம். விற்பனை நடந்தது.

3. விளம்பரம் போதாது, ஏலமும் வேண்டும் என்று நிறுவனர் முடிவு செய்தார். மோட்டார் பம்பு, பழைய பைக், கல்யாண மண்டபத்துப் பாத்திரங்கள் எல்லாம் ஏலத்தில் போயின.

4. மாடு வந்தது.

5. கண் பட்டுவிடும் என்று யாரும் மாட்டை உருப்படியாகப் படம் எடுத்து அனுப்பவில்லை.

6. அதற்கு நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்தோம்.

7. அந்த வழியால் களமருதூரில் ஒரு பெண்ணின் பெயர் கெட இருந்தது.

8. அதைத் தடுக்கப் போய், ஒரு நல்ல வியாபார நாளில் மொத்தத் தளத்தையும் நிறுத்தி வைத்தேன்.

புகார்ப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஐந்திலிருந்து எட்டு வரைதான் சொல்லப்போகிறேன். முதல் நான்கை நிறுவனரே சொல்வார். யாராவது அவர் அறைக்குள் தேநீரோடு போனாலே சொல்வார். மென்பொருள் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பிரபு சொல்லித் தருவான்; நீங்கள் போதும் என்ற பிறகும் சொல்லித் தருவான். எனக்கு ஓய்வு பெறுகிற வயது இல்லை. ஆனால் புகார்ப் பிரிவிலிருந்து ஓய்வு பெறுகிறேன். வெள்ளிமலையில் கடுக்காய், புளி ஏலத்தைக் கவனிக்கப் போகிறேன். கடுக்காய் யாரையும் போனில் திட்டாது.

முதலில் அந்தப் படங்களைப் பற்றி. ஒருவர் மாட்டின் பின்புறத்தை மட்டும் எடுத்து அனுப்பினார். முன்புறம் எங்கே என்று கேட்டதற்கு, "வாங்குறவரு நேர்ல வந்து பாத்துக்கட்டும். ஊரே பாத்துக்கினு இருக்கறதுக்கு இது இன்னா சினிமாவா?" என்றார். இன்னொருவர் கறவை மாட்டின் மடி தெரியாதபடி கட்டை விரலால் பாதிப் படத்தை மறைத்திருந்தார். மடிதான் அந்த மாட்டின் விலை. சிலர் மாட்டின் கழுத்தில் பழைய செருப்பைத் தொங்கவிட்டு எடுத்தார்கள். ஒரு கன்றுக்குட்டி முழுதாக ஒரு போர்வைக்குள் நின்றது. கால்கள் நான்கும் தெரிந்ததால்தான் கன்றுக்குட்டி என்று கண்டோம்.

படம் தெளிவாக இல்லாவிட்டால் மென்பொருள் திருப்பி அனுப்பிவிடும். திருப்பி அனுப்பினால் எனக்குப் போன் வரும். இதைப் பேச ஒருநாள் எல்லோரும் உட்கார்ந்தோம்.

நிறுவனர் சொன்னார்: "பொட்டு வச்சாத்தான் அவங்களுக்கு தைரியம் வரும். நாமளே வச்சிடுவோம். படம் ஏத்துனவுடனே கருப்பா ஒரு திருஷ்டிப் பொட்டு தானா வந்து வுழணும்."

பிரபுவுக்கு உடனே பிடித்துவிட்டது. செய்து காட்ட முடிகிற எதுவும் அவனுக்குப் பிடிக்கும்.

"எங்க வைக்கறதுண்ணா?" என்றான்.

"திருஷ்டிப் பொட்டு கன்னத்துலதான வைப்பாங்க?" என்றேன்.

நிறுவனர் யோசித்தார். "மாட்டுக்கு எதும்மா கன்னம்?"

அறையில் இருந்த அத்தனை பேரும் பட்டம் பெற்றவர்கள். ஒரு மாட்டின் படத்தைப் பெரிய திரையில் போட்டுப் பார்த்தோம். ஒருவர் காதுக்குக் கீழே காட்டினார், ஒருவர் வாய்க்குப் பக்கத்தில் காட்டினார். முடிவு ஏற்படவில்லை. "பொட்டுன்னா நெத்தி. வுடுங்க," என்று நிறுவனர் முடித்துவைத்தார்.

இரண்டு கண்களையும் கண்டுபிடித்து, நடுவில் சற்று மேலே ஒரு பொட்டு விழும்படி பிரபு எழுதினான். போனில் தெரியவில்லை, பெரிதாக வை என்று நிறுவனர் சொன்னார். பெரிதாக வைத்தான். எருமை மேல் அது தெரியவே இல்லை. ஒரு பைக்கின் முன்விளக்கு மேல் விழுந்தது. எடுத்துவிடவா என்று உரிமையாளரைக் கேட்டோம், இருக்கட்டும் என்றார். ஆட்டுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு குழந்தையின் நெற்றியில் விழுந்தபோது அதன் அம்மா போன் செய்து நன்றி சொன்னார்.

முக்கியமான விஷயம், படங்கள் வந்தன. முகம் தெரிய, மடி தெரிய, வெளிச்சத்தில் எடுத்த படங்கள். அலுவலகத்தில் எல்லோருக்கும் மசால் வடை வாங்கிக் கொடுத்தார் நிறுவனர்.

மாட்டைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்கும் உங்களில் சிலர் இப்போதே நெளிவீர்கள். மாடு வாங்குகிறவர் பல்லைப் பார்ப்பார், மடியைப் பார்ப்பார், நடையைப் பார்ப்பார். இவற்றுக்கெல்லாம் முன்னால் சுழியைப் பார்ப்பார். மாட்டின் உடம்பில் முடி சுற்றிக்கொண்டிருக்கும் இடம்தான் சுழி. எந்தச் சுழி எங்கே இருந்தால் குடும்பத்துக்கு ஆகும், எங்கே இருந்தால் ஆகாது என்பதற்கு ஊருக்கு ஊர் ஒரு கணக்கு இருக்கிறது. அவர் முதலில் பார்க்கும் இடம் நெற்றி. அங்கேதான் எங்கள் பொட்டை வைத்திருந்தோம், பெரிதாக.

களமருதூரில் அஞ்சலை என்று ஒருவர். கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறவர். அவர் தெருவில் மற்ற பெண்கள் கூலி வேலைக்குப் போகிறவர்கள். ஆளுக்கு ஒரு பசுவோ இரண்டு ஆடோ வைத்திருப்பார்கள். சந்தைக்கு ஓட்டிப் போனால் விலை சொல்வது தரகர். இவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அஞ்சலைக்குப் போன் நன்றாகக் கைவந்திருந்தது. தெருவின் ஆடு மாடுகளைத் தன் கணக்கிலேயே ஏலம் விட ஆரம்பித்தார். வயதைக் கூட்டிக் குறைத்துச் சொல்ல மாட்டார். பால் எவ்வளவு என்றால் எவ்வளவோ அவ்வளவுதான் எழுதுவார். கொஞ்ச காலத்தில், உளுந்தூர்பேட்டைப் பக்கத்திலிருந்து கூப்பிடுகிறவர்கள் எங்களிடம், "அஞ்சலை கணக்குல இன்னா வந்திருக்குது?" என்று கேட்கத் தொடங்கினார்கள். அந்தத் தெருவுக்குத் தரகர் தேவைப்படாமல் போனது அந்த ஒரு பெயரால்.

அதே அளவுக்கு முக்கியமானது எங்கள் சிவப்பு விதி. படத்தில் இருந்தது வேறு, நேரில் இருப்பது வேறு என்று வாங்கியவர் புகார் கொடுத்தால் விற்றவரின் கணக்கில் சிவப்புப் பட்டை விழும். அந்தக் கணக்கில் நடக்கும் ஏலங்கள் எல்லாம் நின்றுவிடும். புகார் கொடுத்தவரே திரும்பப் பெற்றாலொழியப் பட்டை போகாது. எங்களில் யாரும் அதை எடுக்க முடியாது, நிறுவனர் உட்பட. இப்படித்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்று வாங்கியது நான். நிறுவனருக்குச் சொந்தக்காரர்கள் அதிகம்.

அஞ்சலை தன் சொந்தப் பசு ஒன்றை ஏலம் விட்டார். கச்சிராயபாளையத்துப் பக்கத்திலிருந்து கொளஞ்சி என்ற விவசாயி எடுத்தார். மாடு கைமாறும்போது எங்கள் ஆள் ஒருவர் அங்கே இருக்க வேண்டும் என்பது அப்போதைய வழக்கம். நான் போயிருந்தேன்.

கொளஞ்சி ஒரு குட்டியானை சரக்கு வண்டியில் தன் மாமனாரோடு வந்து இறங்கினார். மாட்டைச் சுற்றி நடந்தார். பல்லைப் பார்த்தார். மடியைத் தொட்டுப் பார்த்தார். முகத்தில் திருப்தி தெரிந்தது. பிறகு மாட்டின் நெற்றியைத் தடவினார். கை அங்கேயே நின்றது.

"யாரு நெத்திய மறைச்சது?" என்றார்.

"நான் எதுக்குங்க மறைக்கப் போறேன்? மாடு நின்னுக்கினுதான இருக்குது, பாருங்க," என்றார் அஞ்சலை.

கொளஞ்சி போனை எடுத்து எங்கள் தளத்தில் இருந்த படத்தைக் காட்டினார். "ஒன்னுக்கு மேல ஒன்னா ரெட்டைச் சுழி. அதுக்கு மேல சொல்லி வச்ச மாதிரி பொட்டு. இது ஆகாத சுழின்னு உங்களுக்குத் தெரியாதா?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். பொட்டு நான் வைக்கலைங்க. கம்பேனிக்காரங்க வச்சது."

"கம்பேனிக்கு எப்படித் தெரியும், உங்க மாட்டுக்கு அந்த எடத்துல சுழி இருக்குதுன்னு?"

நியாயமான கேள்வி. வேலியோரம் நின்றுகொண்டிருந்த பெண்கள் நெருங்கி வந்தார்கள். கொளஞ்சியின் மாமனார் மட்டும் நிதானமாக இருந்தார்.

"ரெட்டைச் சுழி ஏர் மாட்டுக்குத்தான் மாப்ள பாக்கணும். கறவைக்கு அது கணக்கே இல்ல."

"நீ சும்மா இரு மாமா."

"எங்க ஊர்ல இது நல்ல சுழி."

"உங்க ஊர்ல எதுதான் நல்லது இல்ல? பொண்ணு குடுக்கும்போதும் இப்படித்தான் சொன்ன."

பெண்கள் சிரித்தார்கள். அஞ்சலை சிரிக்கவில்லை. ஏனென்றால் அந்தச் சிரிப்புக்கு நடுவில் எதிர்வீட்டுப் பெண் மெதுவாக ஒன்று சொன்னாள். "இத்தனை நாளா நம்ம ஆடுங்களையும் இவ இப்படித்தான் வித்துக்கினு இருந்தாளா?"

வெளியூர்க்காரர் சந்தேகப்பட்டதை அஞ்சலை தாங்கிக்கொண்டு நின்றார். இதைக் கேட்டதும் மாட்டுக் கயிற்றைக் கட்டுத்தறியில் சுற்றிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். அன்று மாலை அவர் கணக்கில் பக்கத்து வீட்டுக் கிடேரிக் கன்றும் எதிர்வீட்டு ஆடுகளும் ஏலம் முடிய இருந்தன. பட்டை விழுந்தால் அவை நிற்கும். நிற்பது அடுத்த வாரம் சரியாகும். "அஞ்சலை சுழியை மறைத்து விற்றாள்" என்பது சரியாகாது.

கொளஞ்சியின் கட்டை விரல் புகார் என்ற இடத்துக்கு மேலே இருந்தது.

இந்த மாதிரி நேரத்தில் என் மூளை பட்டியல் போட ஆரம்பித்துவிடும். அதைத் தடுக்க எனக்குத் தெரியாது. அன்று போட்ட பட்டியல்: ஒன்று, எங்கள் விதியில் உள்ள குறைகளில் சுழி இல்லை, நோய், வயது, ஊனம், பால் இவைதான் உண்டு, ஆகவே மாட்டை எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லலாம். அவர் எடுத்துக்கொண்டு போவார், போகிற வழியெல்லாம் அஞ்சலையின் பெயரைச் சொல்லிக்கொண்டே போவார். சுழி எனக்கு வெறும் முடி. ஆனால் தினமும் அந்த மாட்டின் முகத்தில் விழிக்கப்போவது நான் அல்ல. இரண்டு, அவரை அழுத்தவிடலாம். மூன்று, தயவுசெய்து விட்டுவிடுங்கள் என்று கெஞ்சலாம். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் மூன்றாவதைத்தான் செய்கிறார்கள். கொளஞ்சி விட்டுக்கொடுப்பார், வண்டி போய்விடும், எதிர்வீட்டுப் பெண் சொன்னது மட்டும் அங்கேயே நிற்கும்.

புகாரை நிறுத்தினால் போதாது. அது சேர வேண்டிய இடத்தில் சேர வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

"அக்கா, நீங்க எடுத்த படம் போன்ல இருக்குதா? எங்களுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி எடுத்தது?"

இருந்தது. வெயிலில் எடுத்த நல்ல படம். நெற்றியில் இரண்டு சுழிகளும் தெளிவாகத் தெரிந்தன. கொளஞ்சியிடம் நீட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார். மாமனாரும் பார்த்தார். பெண்களும் ஒவ்வொருவராக வாங்கிப் பார்த்தார்கள். எதிர்வீட்டுப் பெண் இரண்டு முறை பார்த்தாள்.

"அப்போ இவங்க மேல தப்பு இல்ல," என்றார் கொளஞ்சி.

"இல்லைங்க. பொட்டு வச்சது நாங்க. எல்லா மாட்டுக்கும் அங்கதான் வைக்கறோம்."

"எல்லா மாட்டுக்குமா?" அவருக்குக் கோபத்தைவிட ஆச்சரியம் அதிகமாகிவிட்டது. "நெத்தியிலயா? மாடு பாக்கத் தெரிஞ்சவங்க யாருமே இல்லையா உங்க ஆபீஸ்ல?"

எல்லோரும் பட்டம் பெற்றவர்கள் என்றேன்.

"சரி, உங்க மேலயே போடறேன். உங்க பேரு எங்க இருக்குது?"

புகாரைத் திறந்தார். யார் மேல் என்ற கேள்விக்கு எங்கள் தளம் கொடுத்த விடைகள் இரண்டு: விற்றவர், வாங்கியவர். அவர் விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

"உங்க பேரே இல்லையேம்மா."

மாமனார் சொன்னார்: "கோர்ட்டு கட்டறவன் தன் மேல கேசு போடறதுக்கு ஒரு ரூம்பு கட்டுவானா மாப்ள?"

இத்தனை காலம் புகார்ப் பிரிவில் இருந்தும் இது எனக்குத் தோன்றியதே இல்லை. நாங்கள் நடுவில் நிற்பவர்கள், எங்கள் மேல் தப்பு வராது என்றே எல்லாவற்றையும் கட்டியிருந்தோம். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றேன். அஞ்சலை ஒத்துக்கொள்ளவில்லை.

"உன் கையெழுத்த வச்சிக்கினு நான் இன்னா பண்றது? வாங்கறவங்க எங்க பாக்கறாங்களோ அங்க தெரியணும் பாப்பா."

பிரபுவைக் கூப்பிட்டேன். பேச்சு எல்லோருக்கும் கேட்கும்படி வைத்திருந்தேன்.

"யார் மேல புகார்ங்கற எடத்துல நம்ம பேரையும் சேர்க்கணும்."

"எதுக்குக்கா?"

"நம்ம மேல புகார் கொடுக்க."

"அது அப்படி சும்மா சேர்க்கற வேலை இல்லக்கா. நாமளும் ஒரு ஆளா எல்லா வியாபாரத்துலயும் இருக்கணும். சோதிச்சுப் பாக்கணும். நாளைக்குப் பண்ணிடறேன்."

"இங்க டீ போட்டுக்கினு இருக்காங்க. குடிச்சு முடிக்கறதுக்குள்ள."

இந்த அவசரம் சரியா என்று கேட்காதீர்கள். விளைவு வரப்போகிறது.

தேநீர் வந்தது. சுழி விவாதம் தொடர்ந்தது. அங்கிருந்தவர்களைவிட அபிப்பிராயங்கள் அதிகமாக இருந்தன. மாமனார் நல்ல சுழி என்பதில் உறுதியாக இருந்தார். அஞ்சலை டம்ளரை அவரிடம் கொடுத்துவிட்டு, "அவ்ளோ நல்ல சுழின்னா நீங்களே புடிச்சிக்கினு போங்களேன்," என்றார்.

"எங்க வூட்ல எடம் கம்மிம்மா," என்றார் மாமனார்.

பிரபு செய்து முடித்தான். கொளஞ்சி மறுபடி திறந்தார். மூன்றாவதாக எங்கள் நிறுவனத்தின் பெயர் இருந்தது. படத்தில் நெற்றியை நிறுவனம் பொட்டு வைத்து மறைத்தது என்று பொறுமையாகத் தட்டி எழுதி, அழுத்தினார். அஞ்சலையின் கணக்கைத் திறந்து பார்த்தோம். சிவப்பு இல்லை. எல்லோரும் கொஞ்சம் மூச்சு விட்டோம்.

நிறுவனர் கூப்பிட்டார்.

"இன்னாமா நடக்குது? சைட்டத் தொறந்தா எல்லாமே செவப்பா இருக்குது. ஒரு ஏலமும் ஓடல. டிராக்டர் நிக்குது, கட்டில் நிக்குது, சின்னசேலத்துக்காரர் அரிசி மில்லு மெஷினு நிக்குது."

எனக்குப் புரிய ஒரு கணம் ஆனது. பட்டை விழுந்தவரின் ஏலங்கள் எல்லாம் நிற்கும் என்பது விதி. பிரபு அவசரத்தில் எங்களை எல்லா வியாபாரத்திலும் ஒரு ஆளாகச் சேர்த்திருந்தான். எங்கள் மேல் பட்டை விழுந்தது. ஆகவே எல்லாம் நின்றது. மென்பொருள் தவறே செய்யவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்திருந்தது.

"நம்ம மேல ஒரு புகார் வந்திருக்குதுங்கண்ணா."

"நம்ம மேலயா? நம்ம மேல எப்படி வரும்?"

"இப்பதான் வழி பண்ணோம்."

"சரி, எடுத்துடு."

"எடுக்க முடியாதுங்கண்ணா. புகார் கொடுத்தவருதான் எடுக்கணும்."

"அந்த விதிய யாரு போட்டது?"

"நான் சொன்னேன். நீங்க சரின்னீங்க."

பிரபு தனியாகக் கூப்பிட்டான். குரலைத் தாழ்த்திப் பேசினான். "அக்கா, உள்ள போயி நேரா அழிச்சிட முடியும். யாருக்கும் தெரியாது. அண்ணன் உங்களக் கேக்கச் சொன்னாரு."

அன்று நடந்தவற்றில் பெரும்பாலானவை தாமாக நடந்தவை. முடிவு என்று நான் எடுத்தது இங்கே ஒன்றுதான். அழித்திருந்தால் கொஞ்ச நேரத்தில் எல்லாம் ஓடத் தொடங்கியிருக்கும். கொளஞ்சியின் போனில் அவர் கொடுத்த புகார் காணாமல் போயிருக்கும். அதற்குப் பிறகு அஞ்சலையின் கணக்கு சுத்தமாக இருக்கிறது என்றால், அதற்கு அவர் நேர்மை காரணமா, உள்ளே யாரோ தெரிந்தவர் இருப்பது காரணமா என்று யார் சொல்ல முடியும்? எங்கள் சிவப்பை நாங்களே துடைத்தால் மற்றவர்களின் சுத்தத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை.

"வேணாம் பிரபு. நிக்கட்டும்," என்றேன். டிராக்டர் விற்கிறவர்கள் திட்டினால் சாதாரணமாகத் திட்ட மாட்டார்கள், திட்டப்போவது என்னைத்தான்.

நிறுவனர் கொளஞ்சியிடம் பேச வேண்டும் என்றார். போனை ஒரு கவிழ்த்த கூடையின் மேல் வைத்தேன். தெரு முழுவதும் சுற்றி நின்றது.

"ஐயா வணக்கம். தெரியாம நடந்துபோச்சுங்க. நீங்க கொஞ்சம் மனசு வச்சு அந்தப் புகார..."

"எனக்கு ஒன்னும் வேணாங்க," என்றார் கொளஞ்சி. இப்போது அவர் குரலில் ஒரு பதவி ஏறியிருந்தது. "வண்டி சும்மா வந்துட்டுப் போவுது, வாடகையப் பாத்துக்குங்க. ஆனா எல்லா மாட்டு மேலயும் இருக்கற பொட்ட எடுக்கணும். எடுத்தப்புறம் நான் எடுக்கறேன்."

"எல்லாத்துலயுமா? பொட்டு இல்லன்னா யாரும் படம் போட மாட்டாங்களே."

"அப்போ செவப்பாவே இருக்கட்டும்."

நிறுவனர் பதில் சொல்வதற்குள் அஞ்சலை கூடைக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"சார், அஞ்சலை பேசறேன். எனக்கு ஒன்னே ஒன்னு சொல்லுங்க. பொட்டு யாரு வச்சது?"

"அதான்மா, தெரிஞ்சதுதான..."

"எனக்குத் தெரியும். இங்க தெருவே நிக்குது. அவங்களுக்குச் சொல்லுங்க."

டயர் கடையில் கீழே யாரோ சுத்தியலால் தட்டுவது போன் வழியாகக் கேட்டது. பிறகு நிறுவனர் சொன்னார். "நாங்கதாம்மா வச்சோம். அவங்க குடுத்த படத்துல பொட்டு கெடையாது. நெத்தியில வைக்கச் சொன்னது நான்தான்."

பின்னாலிருந்து எதிர்வீட்டுப் பெண், "திருஷ்டிப் பொட்டு கன்னத்துல இல்ல வைப்பாங்க?" என்றாள்.

"மாட்டுக்கு எதும்மா கன்னம்?" என்றார் நிறுவனர் பரிதாபமாக.

நாலைந்து பெண்கள் ஒரே நேரத்தில் மாட்டைக் காட்டினார்கள். நாலைந்து இடங்களைக் காட்டினார்கள். அது போனில் அவருக்குத் தெரியவில்லை என்பது நல்லதுதான்.

பிரபு எல்லாப் பொட்டுகளையும் எடுத்தான். கொளஞ்சி சும்மா நம்பிவிடவில்லை. கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொரு மாடாகத் திறந்து நெற்றியைப் பார்த்தார். நடுவில் சில மாடுகளைப் பற்றி மாமனாரோடு சண்டை போட்டார். பாதி வழியில் ஒரு நல்ல காளையைக் கண்டு ஏலம் கேட்க முயன்றார்; ஏலம் நிற்கிறது, நிறுத்தியவர் அவர்தான் என்று நான் நினைவுபடுத்தினேன். கடைசியில் புகாரைத் திரும்பப் பெற்றார். டிராக்டர் ஓடியது. அரிசி மில் மெஷின் ஓடியது. கிடேரியும் ஆடுகளும் ஏலம் முடிந்து போயின.

அடுத்த சில நாட்கள் எனக்கு வந்த போன்களை எழுத முடியாது. பொட்டு போனதால் மாடு சாணி சரியாகப் போடவில்லை என்று ஒருவர். பின்புறப் படங்கள் திரும்பி வந்தன. யோசித்து, பொட்டைப் படத்துக்கு வெளியே, சட்டத்தின் மூலையில் வைத்தோம். பாதிப் பேருக்கு அது போதுமானதாக இருந்தது. மீதிப் பேர் இன்னும் என்னைத் திட்டுகிறார்கள்; இனி உங்களைத் திட்டுவார்கள். சுழி நல்லதா கெட்டதா என்று தளத்தில் எழுத வேண்டும் என்று நிறுவனர் ஆசைப்பட்டார். களமருதூரில் தேநீர் குடித்த எவரும் அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நெற்றி தெரிய ஒரு படம் கட்டாயம் என்பதோடு நிறுத்திக்கொண்டோம். பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

உங்களுக்கு நான் விட்டுப்போவது ஒரே ஒரு வேலைமுறை. புதிதாக எந்த விதி போட்டாலும், அந்த விதியில் உங்கள் பெயர் எங்கே வருகிறது என்று தேடிப் பாருங்கள். வரவில்லை என்றால் அது இன்னும் முடியவில்லை. யாராவது உங்களிடம் குரலைத் தாழ்த்தி, யாருக்கும் தெரியாது என்று சொன்னால், போனை எல்லோருக்கும் கேட்கும்படி வையுங்கள். அழித்துவிடலாம் என்று பிரபு அன்று சொன்னபோது நான் அப்படி வைக்கவில்லை. அவனுக்கு அந்தச் சலுகை ஒரு முறைதான்.

இன்றைய நிலை இது. யார் மேல் புகார் என்ற இடத்தில் மூன்று பெயர்கள் இருக்கின்றன, எங்கள் பெயர் முதலில். எங்கள் மேல் பட்டை விழுந்தால் இப்போது அந்த ஒரு ஏலம் மட்டும் நிற்கும்; அதைப் பிரபு மறுநாளே சரி செய்தான், சோதித்தும் பார்த்தான். எங்கள் கணக்கில் கொளஞ்சியின் புகார் திரும்பப் பெறப்பட்டது என்ற குறிப்போடு அப்படியே இருக்கிறது. அதற்குப் பின் வந்தவையும் இருக்கின்றன. இரட்டைச் சுழி மாட்டை, நெற்றி தெரிய மறுபடி ஏலம் விட்டபோது, வெள்ளிமலைக்காரர் ஒருவர் எடுத்தார். சுழியைப் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, பால்தான் வேண்டும் என்றார். கொளஞ்சி அதே தெருவில் பிறகு ஒரு பசு வாங்கினார். எதிர்வீட்டுப் பெண்ணின் ஆடுகள் இன்னும் அஞ்சலையின் கணக்கில்தான் ஏலத்துக்கு வருகின்றன. அஞ்சலை மேல் இதுவரை ஒரு புகாரும் இல்லை.